ஓயாமற் பூக்கும் ரோசா

மலைநாட்டிலே ஹக்கலைத் தாவரவியற் பூங்காவின் ரோசாப் பாத்திகளைப் பராமரிக்கும் தோட்டக்காரர் வாடிய பூவைக் காம்போடு கத்தரித்துவிடுகின்றார். கத்தரித்த இடத்திற்குச் சற்றுக் கீழே, இலையின் கக்கத்திலிருந்து செந்நிறத் தளிரொன்று கிளம்புகின்றது. சில வாரங்கள் கழித்துப் பார்த்தால் அத்தளிரின் நுனியிலே புதிய மொட்டு நிற்கின்றது. அது மலர்ந்து வாடியதும் மறுபடியும் கத்தரிப்பு, மறுபடியும் தளிர், மறுபடியும் பூ. ரோசாவின் இயல்பே இதுதான் என்று பூந்தோட்டம் வைத்திருப்போர் எண்ணுவதில் வியப்பில்லை.

ஆயின், காட்டிலே தானாக வளரும் ரோசா இனங்களுள் மிகப் பெரும்பாலானவற்றிற்கு இவ்வியல்பு கிடையாது. அவை ஆண்டுக்கு ஒருமுறை, வசந்தத்திலோ கோடையின் தொடக்கத்திலோ, சில வாரங்கள் மட்டும் பூத்து ஓய்ந்துவிடுபவை. எஞ்சிய மாதங்களில் அவற்றில் இலையும் முள்ளும் நீண்ட கொடிகளும் காயுமே காணப்படும். அங்ஙனமாயின் தோட்டத்து ரோசாவிற்கு ஓயாமற் பூக்கும் வல்லமை எங்கிருந்து வந்தது? காட்டு ரோசாவிடம் இல்லாத ஒன்றைத் தோட்டத்து ரோசா புதிதாகப் பெற்றுக்கொண்டதா? தாவரவியலாளர் பல காலம் ஆராய்ந்து கண்ட விடை, எதிர்பார்ப்பிற்கு முற்றும் மாறானது. தோட்டத்து ரோசா ஒன்றைப் பெற்றதனால் அன்று, ஒன்றை இழந்ததனாலேயே ஓயாமற் பூக்கின்றது.

இவ்வரலாற்றை அறிவதற்கு முதலிற் பதினெட்டாம் நூற்றாண்டு ஐரோப்பாவின் பூந்தோட்டங்களை நோக்குதல் வேண்டும். அங்கே அப்பொழுது வளர்க்கப்பட்டவை பிரெஞ்சு ரோசா எனப்பட்ட காலிக்கா, வெண்ணிற அல்பா, நூறிதழ் ரோசா, நறுமணமிக்க தமாஸ்கு முதலியன. இவை யூன் மாதத்தையொட்டி மலர்ந்து தோட்டத்தையே நிறைத்துவிடும். யூலை கழிவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். தமாஸ்கு வகையுள் ஒன்று மட்டும் இலையுதிர் காலத்தில் இரண்டாம் முறையாகச் சில பூக்களைக் கொடுத்தது. அதனையே அக்காலத்து மக்கள் பேரதிசயமாகக் கொண்டாடினர்.

சீன நாட்டிலோ நிலைமை வேறு. அங்கே பல நூற்றாண்டுகளாகத் தோட்டங்களில் வளர்ந்த ஒரு ரோசாவிற்கு யூஏஜி என்று பெயர். அப்பெயரின் முதற்பகுதி மாதத்தையும் இரண்டாம் பகுதி பருவத்தையும் குறிக்கும். மாதந்தோறும் பூப்பது என்னும் கருத்திலேயே மக்கள் அதற்கு அப்பெயரை இட்டு வழங்கினர். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் கிழக்கிந்தியக் கம்பெனியின் வணிகக் கப்பல்களில் இத்தகைய சீன ரோசாக்கள் இங்கிலாந்து சென்றடைந்தன. அவற்றுள் நான்கு பெரும் புகழ் பெற்றவை. 1790ஐ அடுத்த ஆண்டுகளிற் சிலேற்றர் என்பவரின் பெயரால் வழங்கிய செந்நிற ரோசா வந்தது. 1793இல் பார்சன்ஸ் என்பவரின் தோட்டத்தில் இளஞ்சிவப்பு ரோசா மலர்ந்தது. 1809இல் ஹியூம் பெயராலும், 1824இல் பார்க்ஸ் பெயராலும் தேயிலை மணமுள்ள இரண்டு ரோசாக்கள் வந்தன. இவற்றுட் சில கல்கத்தாத் தாவரவியற் பூங்காவிற் சிறிது காலம் தங்கிச் சென்றமையால், ஐரோப்பியர் அவற்றை வங்காள ரோசா என்றும் அழைத்தனர். பார்சன்ஸ் தோட்டத்தின் இளஞ்சிவப்பு ரோசா இன்று 'ஓல்ட் பிளஷ்' என்னும் பெயரால் உலகெங்கும் அறியப்படுகின்றது. ஓயாமற் பூக்கும் இரகசியத்தை ஈற்றில் வெளிப்படுத்தியது இச்செடியே.

சீன ரோசாவையும் ஐரோப்பிய ரோசாவையும் கலந்தால், ஐரோப்பிய ரோசாவின் உறுதியும் மணமும் சீன ரோசாவின் ஓயாத பூப்பும் ஒரே செடியில் அமையும் என்று தோட்டக்கலைஞர் எண்ணினர். ஒன்றின் மகரந்தத்தை மற்றொன்றின் சூலகமுடியில் வைத்து, விளைந்த வித்துக்களை முளைக்க வைத்துக் காத்திருந்தனர். பிறந்த செடிகள் பூத்தன. ஆயின் ஆண்டுக்கு ஒருமுறை மட்டுமே பூத்தன. சீனத் தாயின் சிறப்பியல்பு முற்றாக மறைந்துவிட்டது போலத் தோன்றிற்று. ஆனால் அப்பிள்ளைகளைத் தம்முள்ளேயோ சீன ரோசாவுடனோ மீண்டும் கலந்தபொழுது, அடுத்த தலைமுறையிற் சில செடிகள் ஓயாமற் பூத்தன.

பட்டாணிச் செடிகளை வைத்து மெண்டல் வகுத்த விதிகளை அறிந்தோர்க்கு இந்நிகழ்ச்சி புதிரன்று. ஒவ்வோர் இயல்பிற்கும் காரணமான பரம்பரையலகு தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக வருகின்றது. இரண்டும் வேறுபட்டவையாயின், ஒன்று வெளிப்பட்டு மற்றையது மறைந்து நிற்கலாம். மறைந்து நிற்பது பின்னிடைவான அலகு. இரண்டு பின்னிடைவான அலகுகள் ஒரே செடியிற் கூடும்பொழுதே அவ்வியல்பு தலைகாட்டும். ரோசாக்களை வாழ்நாள் முழுதும் ஆராய்ந்த ஆங்கிலேய அறிஞர் சார்ள்ஸ் சேம்பர்லேன் ஹேர்ஸ்ட், 1941இல் எழுதிய கட்டுரையில், ஓயாமற் பூத்தல் ஒரேயொரு பின்னிடைவான பரம்பரையலகினால் விளைவது என்று எடுத்துக் காட்டினார். மேலே கூறிய நான்கு சீன ரோசாக்களே இக்காலத் தோட்ட ரோசாக்களின் மூதாதைகள் என்பதை வற்புறுத்தியவரும் அவரே. அந்தப் பரம்பரையலகு யாது, அது செய்யும் வேலை யாது என்பதை அறிவதற்கு அக்காலத்தில் வழியிருக்கவில்லை.

இதற்கிடையில், மனிதர் முயலாமலே ஒரு கலப்பு இந்துமாக் கடலின் நடுவே நிகழ்ந்திருந்தது. இன்று ரீயூனியன் எனப்படும் பூர்பன் தீவில் வாழ்ந்த குடியானவர்கள் தம் நிலங்களுக்குச் சீன ரோசாவையும் தமாஸ்கு ரோசாவையும் வேலியாக நட்டிருந்தனர். 1817ஆம் ஆண்டளவில் அவ்வேலிகளிடையே இரண்டிற்கும் பிறந்த புதிய செடியொன்று கண்டெடுக்கப்பட்டது. அதன் வித்துக்கள் 1819இல் பாரிஸுக்குச் சென்று, பூர்பன் ரோசா என்னும் பெருங்கூட்டத்திற்கு வித்திட்டன. அத்தீவிலே அதற்கு எடுவார் ரோசா என்று பெயர். தமிழ்நாட்டுப் பூச்சந்தைகளில் மாலைக்கென வரும் எட்வர்ட் ரோசாவும் இக்கூட்டத்தைச் சேர்ந்ததே. 1867இல் பிரான்சின் லியோன் நகரத்தவரான கியோ வெளியிட்ட 'லா பிரான்சு' என்னும் ரோசா, இக்கால ரோசாக்களின் தொடக்கம் என எண்ணப்படுகின்றது. ஆண்டு முழுதும் பூக்கும் ரோசா ஐரோப்பாவில் நிலைபெறுவதற்கு, சீன ரோசா வந்ததிலிருந்து ஏறத்தாழ முக்கால் நூற்றாண்டு சென்றது.

இத்துணைக் காலதாமதத்திற்கு மற்றொரு காரணமும் உண்டு. அது ரோசாக்களின் உயிர்க்கலங்களுக்குள்ளே இருக்கின்றது. பரம்பரையலகுகள் தனித்தனியே சிதறிக் கிடப்பனவல்ல. நிறமூர்த்தங்கள் எனப்படும் நுண்ணிய இழைகளில் வரிசையாக அமைந்துள்ளன. ரோசாக் குலத்தின் அடிப்படை எண் 7. சீன ரோசாவின் கலத்தில் ஏழு ஏழாக இரண்டு தொகுதி, ஆக 14 நிறமூர்த்தங்கள் உண்டு. ஐரோப்பியக் காலிக்காவிலோ நான்கு தொகுதி, ஆக 28. இனப்பெருக்கத்தின்போது ஒவ்வொன்றும் தன் தொகையிற் பாதியைப் பிள்ளைக்குக் கொடுக்கும். எனவே இவ்விரண்டிற்கும் பிறந்த பிள்ளைக்கு ஏழும் பதினான்கும் சேர்ந்து 21 கிடைக்கும். மூன்று தொகுதிகளை இரண்டு சம பாகமாகப் பிரிக்க இயலாதாகையால் இத்தகைய செடிகள் பெரும்பாலும் மலடாயின. எப்பொழுதாவது ஒருமுறை, ஒரு மகரந்தமணியோ சூல்வித்தோ பாதியாகக் குறையாமல் முழுத் தொகையுடன் உருவாகிவிடும். அத்தகைய தற்செயல்களே வழியைத் திறந்துவிட்டன. இன்றைய தோட்டத்து ரோசாக்களிற் பல 28 நிறமூர்த்தங்களையுடைய நான்மடியங்கள். நான்கு தொகுதியுள்ள செடி ஓயாமற் பூக்க வேண்டுமாயின், நான்கிலும் அப்பின்னிடைவான அலகே இருத்தல் பொதுவாக வேண்டப்படும். அதனைத் தேடிப் பிடிப்பது எளிதன்று.

நிறமூர்த்தங்களைப் பெருக்கிக்கொள்வது ரோசாக் குலத்திற்குப் பழகிய வழி. சீனாவின் யுன்னான் மாகாணத்து மலைகளில் வளரும் ஓரினத்தில் பத்துத் தொகுதிகள், ஆக 70 நிறமூர்த்தங்கள் உள்ளன. ஐரோப்பிய வேலிகளில் வளரும் நாய் ரோசாவின் கணக்கு இன்னும் விந்தையானது. அதற்கு ஐந்து தொகுதிகள், 35 நிறமூர்த்தங்கள். ஒற்றைப்படைத் தொகுதியுள்ள செடி மலடாதல் வேண்டும் என்பது விதி. ஆயினும் நாய் ரோசா ஆண்டுதோறும் செழிப்பாகக் காய்க்கின்றது. அதன் சூத்திரத்தை 1920களின் தொடக்கத்தில் சுவீடனிலும் இங்கிலாந்திலும் அறிஞர் கண்டனர். அச்செடியில் 14 நிறமூர்த்தங்களே ஏழு சோடிகளாகச் சேர்கின்றன. எஞ்சிய 21உம் சோடியின்றி நிற்கின்றன. மகரந்தம் உருவாகும்பொழுது அந்த 21உம் கைவிடப்பட, 7 மட்டும் செல்கின்றன. சூல்வித்து உருவாகும்பொழுது அவை அனைத்தும் சேர்க்கப்பட்டு 28 செல்கின்றன. ஏழும் இருபத்தெட்டும் கூடி மறுபடியும் 35 ஆகிவிடும்.

ஓர் உயிரின் நிறமூர்த்தங்களிற் பொறிக்கப்பட்டுள்ள பரம்பரைச் செய்தி முழுவதையும் மரபணுத்தொகை என்பர். அதனை நான்கே எழுத்துக்களால் எழுதப்பட்ட மிக நீண்ட ஏட்டுச்சுவடிக்கு ஒப்பிடலாம். 2018இல், பிரான்சை மையமாகக் கொண்டு பல நாட்டு அறிஞர் அடங்கிய இரு குழுவினர், ரோசாவின் ஏட்டை முழுமையாகப் படித்து வெளியிட்டனர். இரு குழுவினரும் தேர்ந்துகொண்டது, 1793இல் பார்சன்ஸ் தோட்டத்தில் மலர்ந்த அதே 'ஓல்ட் பிளஷ்' ரோசாவின் வழிவந்த செடியையே. அவ்வேட்டின் நீளம் ஏறத்தாழ 50 கோடி எழுத்துக்கள். அதில் ஏறத்தாழ 36,000 முதல் 40,000 வரை பரம்பரையலகுகள் உள்ளனவெனக் கணித்தனர்.

அயற் குடும்பத்தினரோடு அவ்வேட்டை ஒப்பிட்டபொழுது பழைய உறவுகள் புலனாயின. ரோசாவும் ஸ்ரோபெரியும் ஏழு நிறமூர்த்தத் தொகுதியுடையவை; அலகுகளின் வரிசையும் இரண்டிலும் பெரும்பாலும் ஒத்திருக்கின்றது. அதே குடும்பத்து அப்பிளோ, தன் முன்னோரின் ஏடு முழுவதும் ஒருகாலத்தில் இரட்டித்தமையால் 17 நிறமூர்த்தத் தொகுதியுடையதாயிற்று. மற்றொரு செய்தியும் வெளிப்பட்டது. ரோசாவின் ஏட்டிற் பாதிக்கு மேற்பட்ட பகுதி, செடியின் உடலை ஆக்கும் கட்டளைகளன்று. தம்மைத் தாமே படியெடுத்து ஏட்டின் வெவ்வேறிடங்களிற் சென்று புகும் துண்டுகளும், அவற்றின் எச்சங்களுமே அங்கு நிறைந்துள்ளன. இத்தகைய தாவும் துண்டுகள் இருப்பதை 1940களிற் சோளச் செடியில் முதன்முதலாகக் கண்டவர் பாபரா மக்கிளின்ரொக் என்னும் அமெரிக்கப் பெண்மணி. பலர் நெடுங்காலம் அதனைப் பொருட்படுத்தவில்லை. 1983இல் அவருக்கு நோபெல் பரிசு அளிக்கப்பட்டது. ரோசாவின் கதையிலும் திருப்பத்தை உண்டாக்கியது இத்தகைய துண்டொன்றே.

அத்திருப்பத்தை அறியுமுன், காட்டு ரோசா தன் ஓராண்டு வாழ்வை எவ்வாறு நடத்துகின்றது என்பதை அறிதல் வேண்டும். வசந்தத்திலே, முந்திய ஆண்டின் கொடிகளிலுள்ள அரும்புகள் குறுந்தளிர்களாகி நுனியிற் பூக்கின்றன. பூத்து முடிந்ததும் அச்செடி வேறொரு வேலையை மேற்கொள்கின்றது. வேரடியிலிருந்து நீண்ட புதிய கொடிகளை விடுகின்றது. அவை எவ்வளவு வளர்ந்தாலும் அவ்வாண்டிற் பூப்பதில்லை. செடிக்குள்ளே பூக்கத் தூண்டும் பொருளொன்றும், பூப்பைத் தடுத்து வளர்ச்சியைத் தொடரச் செய்யும் பொருளொன்றும் உண்டு. இரண்டும் வடிவத்தால் ஒன்றையொன்று ஒத்த உறவினர். தளிரின் நுனியில் எது மேலோங்குகின்றதோ அதன் கட்டளையே நடைபெறும். வசந்தம் கழிந்ததும் தடுக்கும் பொருள் மேலோங்குகின்றது. ஆகவே நுனி பூவாக முடியாமல் இலையும் தண்டுமாக நீளுகின்றது.

இத்தடை காட்டுச் செடிக்கு வேண்டியதே. குளிர்நாட்டிலே கார்காலத்திற் பூக்கும் பூவிலிருந்து வித்து முதிருமுன் பனி வந்துவிடும். அவ்வுழைப்பு வீண். அதனினும், கொடியை உயர்த்தி, அயலிலுள்ள புதர்களுக்கு மேலே ஏறி வெயிலைப் பிடித்து, அடுத்த ஆண்டிற்கு வேண்டிய உணவைச் சேமித்தலே அதற்கு நலம் பயக்கும்.

2012இல் பிரெஞ்சு, யப்பானிய ஆராய்ச்சியாளர் அத்தடுக்கும் பொருளை ஆக்கும் பரம்பரையலகைக் கண்டுபிடித்து, சீன ரோசாவிற்கு யப்பானிய மொழியில் வழங்கும் பெயரையொட்டிக் கோஷின் என்று அதற்குப் பெயரிட்டனர். ஒருமுறை பூக்கும் ரோசாக்களில் அவ்வலகு செவ்வனே இருந்தது. ஓயாமற் பூக்கும் ரோசாவிலோ, அதன் நடுவே ஏறத்தாழ 9,000 எழுத்து நீளமான தாவும் துண்டொன்று புகுந்து கிடந்தது. வாக்கியத்தின் நடுவே வேறொரு நூலின் பக்கங்களைச் செருகிவிட்டால் வாக்கியம் பொருளிழப்பது போல, அவ்வலகு தன் வேலையை இழந்துவிட்டது. தடுப்பதற்கு ஒன்றுமில்லாமையால், புதிதாகக் கிளம்பும் ஒவ்வொரு தளிரும் சிறிது வளர்ந்ததும் பூவில் முடிகின்றது. மாதந்தோறும் பூக்கும் அதிசயத்தின் விளக்கம் இதுவே. ஹேர்ஸ்ட் கூறிய பின்னிடைவு என்னும் இயல்பும் இதனாலே தெளிவாயிற்று. பழுதற்ற பிரதி ஒன்று இருந்தாலும் அது தடுக்கும் பொருளை ஆக்கிவிடும். ஆகவே பழுதுற்ற பிரதியின் விளைவு வெளிப்படாது.

ரோசாவின் உறவான காட்டு ஸ்ரோபெரியிலும் இதே அலகு இதே வேலையைச் செய்கின்றது. அதிலும் மாதக்கணக்காகப் பூத்துக் காய்க்கும் வகையொன்று ஐரோப்பியத் தோட்டங்களில் நெடுநாளாக உண்டு. அதனை ஆராய்ந்தபொழுது, அங்கும் அதே அலகு பழுதுற்றிருந்தது. ஆனால் அங்கே எந்தத் துண்டும் புகவில்லை. இரண்டே எழுத்துக்கள் விடுபட்டிருந்தன. வெவ்வேறு நாடுகளில், வெவ்வேறு செடிகளில், வெவ்வேறு வகையில் நேர்ந்த பழுதுகளுள் ஒரே பயனைத் தந்தவற்றை மனிதர் தேர்ந்தெடுத்து வளர்த்தனர்.

தோட்டக்காரர் பலரைத் திகைக்கச் செய்யும் ஒரு நிகழ்ச்சிக்கும் இதனால் விளக்கம் கிடைத்தது. ஓயாமற் பூக்கும் குட்டையான ரோசாச் செடியிலிருந்து, எதிர்பாராத வகையில், மிக நீண்ட கொடியொன்று சில வேளைகளிற் கிளம்புவதுண்டு. அக்கொடியை வெட்டி நட்டால் அது படர்கொடியாகவே வளர்ந்து, பல வேளைகளில் ஆண்டுக்கொருமுறை மட்டும் பூக்கும். ஆராய்ந்த சில படர்கொடிகளிற் புகுந்த துண்டின் பெரும்பகுதி வெளியேறி, ஏறத்தாழ 1,000 எழுத்துக்கள் மட்டும் எஞ்சியிருப்பது தெரியவந்தது. அந்த எச்சம் இருந்தும் பரம்பரையலகு மீண்டும் வேலை செய்யத் தொடங்கிவிட்டது. பல நூற்றாண்டுகளாக உறங்கிய தடை விழித்துக்கொண்டமையால், செடி தன் காட்டு முன்னோரின் நடைக்குத் திரும்பியது.

ரோசா வளர்ப்போர்க்கு இதிலிருந்து ஒரு நடைமுறைப் பயனும் உண்டு. ஓயாமற் பூக்கும் செடியை ஆழமாகக் கத்தரித்தாலும் குறைவில்லை. புதிதாக வரும் தளிரெல்லாம் பூவைத் தாங்கும். ஒருமுறை பூக்கும் கொடி ரோசாவையோ பூத்து முடிந்தவுடனேயே கத்தரித்தல் வேண்டும். பூக்குமுன் கத்தரித்தால், அவ்வாண்டுப் பூக்களைத் தாங்க வேண்டிய பழைய கொடிகளையே வெட்டி எறிந்ததாகும்.

இனி, பூவின் அடுக்கிதழ்களை நோக்கலாம். காட்டு ரோசாவிற்கு ஐந்தே இதழ்கள். நடுவே மஞ்சள் நிறக் கேசரங்கள் நிறைந்திருக்கும். தோட்டத்து ரோசாவில் இதழ்கள் பலவாகவும் கேசரங்கள் சிலவாகவும் இருத்தலைக் காணலாம். கேசரங்களாக உருவாக வேண்டியவற்றுட் பல இதழ்களாக மாறிவிட்டமையே இதற்குக் காரணம். பூவின் உறுப்புக்களை வகுக்கும் பரம்பரையலகுகளுள் ஒன்று உரிய எல்லையைக் கடந்து வேலை செய்வதால் இது நிகழ்கின்றது. சீன ரோசாவில் அவ்வெல்லையைக் கெடுத்ததும் இடையே புகுந்த தாவும் துண்டொன்றே என 2018இல் அறியப்பட்டது. மனிதரின் கண்ணுக்கு விருந்தாகிய அவ்விதழ்கள், தேனீக்குக் கிடைக்க வேண்டிய மகரந்தத்தைக் குறைத்தே தோன்றின.

மணத்தின் கதையும் இதனைப் போன்றதே. பார்வைக்கு அழகாயிருக்கும் இக்காலத்து ரோசாக்கள் பலவற்றில் மணமில்லை என்று முதியோர் குறைகூறுவதுண்டு. 2015இற் பிரெஞ்சு அறிஞர், மிகுந்த மணமுள்ள 'பாப்பா மெய்யான்' என்னும் ரோசாவையும் மணமற்ற 'ரூஜ் மெய்யான்' என்னும் ரோசாவையும் ஒப்பிட்டனர். மணத்திற்கு இன்றியமையாத நொதியமொன்றை ஆக்கும் அலகு முன்னதில் மும்முரமாக வேலை செய்ய, பின்னதில் ஏறக்குறைய அடங்கிக் கிடந்தது. வெட்டுப்பூ வணிகர் நிறத்தையும் நெடுநாள் வாடாமையையும் நாடித் தேர்ந்தெடுத்தபொழுது, எவரும் கவனிக்காத மணம் வழியிலே உதிர்ந்துவிட்டது.

ஓயாத பூப்பு, அடுக்கிதழ், மணமின்மை ஆகிய மூன்றையும் சேர்த்து நோக்கினால், தோட்டத்து ரோசாவின் வரலாறு பெரும்பாலும் இழப்புக்களால் எழுதப்பட்டிருப்பது தெரியும். காட்டிலே இப்பழுதுகளுள் யாதேனும் ஒன்று தோன்றிய செடி, தன் அயலாருடன் போட்டியிட இயலாமற் பின்தங்கியிருக்கும். யாரோ ஒரு சீனத் தோட்டக்காரர் அதனைக் கண்டு, வெட்டி, நட்டு, நீரூற்றினார். அவருக்குப் பின் வந்தோரும் அவ்வாறே செய்தனர். இன்று உலகிலுள்ள 'ஓல்ட் பிளஷ்' செடிகள் அனைத்தும் அங்ஙனம் கைமாறி வந்த கொடித்துண்டுகளின் வழிவந்தவையே. கத்தரிக்கும் கை ஓய்ந்துவிட்டால் அச்செடியின் வழியும் நீடிப்பது அரிது.

இதில் ஓர் அபாயமும் உண்டு. இன்றைய தோட்ட ரோசாக்களின் ஓயாத பூப்பு மிகச் சில மூதாதைகளிடமிருந்து வந்தது. ஒருசிலரின் பிள்ளைகளே மீண்டும் மீண்டும் தம்முட் கலந்துகொண்டால், புதிய நோயொன்று வரும்பொழுது எல்லோரும் ஒருங்கே துன்புறுவர். இலைகளைக் கருக்கி உதிர்க்கும் கரும்புள்ளி நோய் உலகெங்கும் ரோசாத் தோட்டங்களைத் தாக்குகின்றது. அதனை எதிர்க்கும் ஆற்றலைத் தேடியோர் அதனைக் கண்டது, கிழக்காசியக் காடுகளிற் சிறிய வெண்பூக்களைக் கொத்தாகப் பூக்கும் காட்டு ரோசாவொன்றிலே. நோயை எதிர்க்கும் அலகை அச்செடி தன் ஏட்டிற் பத்திரமாக வைத்திருந்தது.

தோட்டத்துச் சீன ரோசாவின் காட்டு உறவும் இன்றும் உயிரோடிருக்கின்றது. அது சீனாவின் சிச்சுவான், ஹூபே மாகாணங்களின் மலைச் சரிவுகளிலே படர்கொடியாக வளர்ந்து, ஐந்திதழ்ப் பூக்களை வசந்தத்தில் ஒரேமுறை பூக்கின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒகஸ்ரின் ஹென்றி என்னும் ஐரிஷ் தாவரவியலாளர் அதனைக் கண்டார். பின்னர் நெடுங்காலம் வெளியுலகத்தார் அதனைக் காணவில்லை. 1983இல் யப்பானியரான மிக்கினோரி ஒகிசு சிச்சுவானில் அதனை மீண்டும் கண்டார். 2021இல் சீன அரசு வெளியிட்ட பாதுகாக்கப்பட வேண்டிய காட்டுத் தாவரங்களின் பட்டியலில் அதுவும் இடம்பெற்றது. பழுதுறாத பழைய அலகுகள் அதனிடமே உள்ளன. வயலும் வீதியும் பெருகி அச்சரிவுகள் அழிந்துபோனால், மூல ஏட்டில் ஒரு பிரதி அழிந்ததாகும். அதன்பின் எந்தத் தோட்டத்திலும் அதனை மீண்டும் எழுத முடியாது.

தோட்டங்களும் தம் பங்கிற்குச் சிலவற்றைக் காத்து வருகின்றன. 1903இல் நிறுவப்பட்ட ஜேர்மனியின் சாங்கர்ஹவுசன் ரோசாத் தோட்டத்திலும், பாரிஸ் நகருக்கு அண்மையிலுள்ள லாய் ரோசாத் தோட்டத்திலும், வணிகர் கைவிட்ட பழைய வகைகள் ஆயிரக்கணக்கிற் பேணப்படுகின்றன. ஒருமுறை மட்டுமே பூக்கும் ரோசாவிற்கு அத்தோட்டங்களில் நிரந்தர இடமுண்டு. சில வாரப் பூவிற்காக ஆண்டு முழுதும் அதற்கு நீரும் எருவும் இடுகின்றனர்.

வீட்டுத் தோட்டத்திற்கும் இது பொருந்தும். ஆண்டின் பதினொரு மாதங்கள் பூவின்றி வேலியிற் படர்ந்து நிற்கும் பழைய ரோசாக் கொடியொன்றைப் பயனற்றதென வெட்டி எறிய முற்படுவோர் உண்டு. ஓயாமற் பூக்கும் செடி இழந்துவிட்ட ஒன்றை அக்கொடி இன்னும் வைத்திருக்கலாம். நோயெதிர்ப்போ, மணமோ, தேனீக்கு வேண்டிய மகரந்தமோ, அதன் ஏட்டில் எது பொறிக்கப்பட்டுள்ளது என்று பார்த்த மாத்திரத்தில் எவராலும் கூற இயலாது. வெட்டுவதற்கு முன் ஒரு கொடித்துண்டையாவது நட்டு வைப்பது நன்று.